முதல் ஆறு வாரம்: ஒரு பருவத்துக்கு ஜேர்மனி போகும் யாழ்ப்பாண மாணவரின் காசு, காப்புறுதி, வேலை

இந்த ஆய்வில் வரும் மாணவி உண்மையில் ஒரு தனி ஆள் அல்ல. ஒரே ஒரு பருவம் பரிமாற்ற மாணவராக ஜேர்மனிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு வழமையாக வரும் சிக்கல்களை ஒரே கோப்பாகச் சேர்த்திருக்கிறோம். வாசிக்க இலகுவாக அவருக்கு நிவேதா என்று பெயர் வைப்போம். கட்டணங்களும் விதிகளும் 2025/26 குளிர்காலப் பருவத்துக்குரியவை. ரூபாக் கணக்கு எல்லாம் ஒரு யூரோ 350 ரூபா என்ற எடுகோளில் போடப்பட்டது.

கோப்பு

நிவேதா கோண்டாவிலைச் சேர்ந்தவர், வயது 24. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறார். ஜேர்மனியின் மேற்கே ரூர் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒக்ரோபர் முதல் மார்ச் வரை ஒரு பருவம் கிடைத்தது. கற்பித்தல் கட்டணம் இல்லை, புலமைப்பரிசிலும் இல்லை. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. அம்மாவின் தம்பி அதே பகுதியில் உள்ள டோர்ட்முண்ட் நகரில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறார், சிறிய உணவகம் நடத்துகிறார். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மாமா இருக்கிறார் தானே, பிறகென்ன பயம்?"

பருவம் முடிய நிவேதா பாடங்களில் சித்தியடைந்து ஊர் திரும்பினார். இடையில் ஆயிரம் யூரோ கடன், பதிவில்லாத வேலை, ஒரு இரவு ஆஸ்பத்திரி, திரும்பி வராத முற்பணம் என்று வரிசையாக வந்தன. பார்த்தால் நாலும் வேறு வேறு தவறுகள் போலத் தெரியும். கோப்பைத் திகதி வாரியாக அடுக்கினால் வேர் ஒன்றுதான். கொண்டுபோன மொத்தத் தொகை போதுமாகவே இருந்தது. அது கைக்கு வந்த நேரம்தான் பிழைத்தது.

பூட்டிய காசு

மாணவ விசாவுக்கு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். வழமையான வழி, அங்குள்ள நம்மவர்கள் "ஷ்பேர் கொன்டோ" என்று சொல்லும் பூட்டிய கணக்கு: காசை முன்பே மொத்தமாகப் போட வேண்டும், மாதாமாதம் ஒரு பங்குதான் கைக்கு வரும். மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904. ஆறு மாதத்துக்குத் தங்குபவர் 5,952 யூரோ, அதாவது ஏறத்தாழ 20 லட்சத்து 83 ஆயிரம் ரூபா போட வேண்டும். இந்த 992 ஜேர்மன் அரசு தன் நாட்டு மாணவருக்குக் கொடுக்கும் உதவித்தொகையின் உச்ச அளவு. அடிப்படைத் தேவைக்கு 475, வாடகைக்கு 380, நோய்க் காப்புறுதிக்கும் பராமரிப்புக் காப்புறுதிக்கும் சேர்த்து 137. இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. காப்புறுதிச் சந்தா தொகைக்குள்ளேயே கணக்கிடப்பட்டிருக்கிறது, அதில் கை வைத்து மிச்சம் பிடிக்க நினைப்பவர் வேறெங்கோ அதைக் கட்ட வேண்டி வரும்.

வீட்டில் முதலில் யோசித்தது மாமாவின் பொறுப்புக் கடிதம். வெள்ளைத் தாளில் எழுதி ஒப்பமிட்ட "ஸ்பொன்சர் கடிதம்" செல்லாது. மாமா தன் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போய், சம்பளச் சான்றைக் காட்டி, 29 யூரோ கட்டி, அரச படிவத்தில் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பு ஐந்து வருடத்துக்கு நீடிக்கும், அரசு செலவழித்தால் மருத்துவச் செலவு உட்பட அவரிடமே திருப்பிக் கேட்கும். சொந்தக் கடை வைத்திருப்பவருக்கு வருமானத்தை நிரூபிப்பது மாதச் சம்பளக்காரரை விடக் கடினம். மாமா தயங்கியதில் நியாயம் இருந்தது. ஆகவே அம்மாவின் நகை வங்கிக்குப் போனது, பூட்டிய கணக்குத் திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி வீதி வங்கிக் கிளையிலிருந்து காசு அனுப்பியபோது முதல் இடறல். 5,952 யூரோ அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்தது அதைவிட இருபத்தைந்து யூரோ குறைவு. இடையில் உள்ள வங்கி தன் கூலியைக் கழித்துவிட்டது. தொகை ஒரு யூரோ குறைந்தாலும் உறுதிச் சான்று வராது, சான்று இல்லாமல் தூதரகத்தில் கோப்பு நகராது. அந்த இருபத்தைந்து யூரோவை அனுப்ப மறுபடியும் ஒரு முழுக் கட்டணம் போனது. வங்கிப் படிவத்தில் எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் "ஓயூஆர்" தெரிவைக் குறித்து, அதோடு 50 யூரோ கூடுதலாகவும் அனுப்பினால் இந்த அலைச்சல் இல்லை. பூட்டிய கணக்கை நடத்தும் சேவை நிறுவனத்தின் தொடக்கக் கட்டணமும் மாதக் கட்டணமும் 992க்கு வெளியே என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெரிய சிக்கல் அதன் பிறகு. பூட்டிய கணக்கு தானாகத் திறக்காது. முதலில் வதிவிடப் பதிவு வேண்டும், அங்கே "அன்மெல்டுங்" என்பார்கள். அறைக்கு மாறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும், வீடு தந்தவரின் எழுத்து மூலமான உறுதி இல்லாமல் நடக்காது. அதை வைத்து ஒரு நடைமுறைக் கணக்கு. அந்தக் கணக்கிலக்கத்தைப் பூட்டிய கணக்குக்காரருக்குக் கொடுத்த பிறகுதான் முதல் 992 வரும். நிவேதா செப்டெம்பர் 15 போய் இறங்கினார். முதல் 992 கையில் வந்தது ஒக்ரோபர் கடைசியில்.

அந்த ஆறு வாரத்தில் அவர் கட்ட வேண்டியிருந்தவை (யூரோவில்):

விடுதி முற்பணம் 400
ஒக்ரோபர் வாடகை 310
பல்கலைக்கழகப் பருவக் கட்டணம் (கற்பித்தல் கட்டணம் அல்ல) 320
முதல் மாதக் காப்புறுதி 145
படுக்கை விரிப்பு, சட்டி பானை, குளிர் அங்கி 200
வதிவிட அனுமதிக் கட்டணம் 100
சாப்பாடு 250
பயண அட்டை 58
மொத்தம் 1,783

கையில் கொண்டுபோனது 600. பிந்திய மாதங்களின் கணக்கைப் பாருங்கள்: வாடகை 310, காப்புறுதி 145, சாப்பாடு 220, தொலைபேசி 10, வானொலி தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் 18.36, மற்றவை 80. எல்லாம் சேர்த்தாலும் 784க்குள் நிற்கிறது. மாதம் 200 யூரோவுக்கு மேல் மிச்சம்! நவம்பரில் வசதியாக இருக்கக்கூடிய ஒரு பிள்ளை ஒக்ரோபரில் கடன்காரியானது இப்படித்தான். மாமா ஆயிரம் யூரோ கொடுத்தார்.

பயண அட்டை பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. 2025 இல் 58 யூரோவாக இருந்த மாத அட்டை தொடர் சந்தா, பெரும்பாலும் 10 ஆம் திகதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதமும் போகும். 15 ஆம் திகதி வந்தவர் அதை வாங்கினால் ஒக்ரோபருக்கும் கட்டுவார், அதேவேளை பருவக் கட்டணத்துக்குள் மாணவர் பயண அட்டை ஏற்கெனவே இருக்கும். மாமா வீட்டில் இரண்டு வாரம் இருப்பவருக்குத் தனித்தனிப் பயணச்சீட்டே மலிவு.

கடிதப் பெட்டி

தாமதத்தின் பாதி எங்கே போனது என்று தேடினால் விடுதி வாசலில் உள்ள தகரப் பெட்டியில் வந்து நிற்கிறது. வங்கி அட்டை, அதன் இரகசிய இலக்கம், வரி இலக்கம், காப்புறுதி அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். பெட்டியில் உள்ள பெயரும் உறையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அறை இலக்கத்தைப் பார்த்துப் போடும் வழக்கம் அங்கே இல்லை.

நிவேதா பெட்டியில் "நிவேதா" என்று ஒட்டினார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர், சிவபாலன். வந்த கடிதங்கள் எல்லாம் "திருமதி சிவபாலன்" என்ற பாணியில் வந்தன. இரண்டு உறைகள் திரும்பிப் போயின, வங்கி அட்டைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நம் பெயர் முறைக்கு வேறு வழி இல்லை: அறைச் சாவி வாங்கிய அன்றே கடவுச்சீட்டில் உள்ளபடி அப்பாவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ஒட்ட வேண்டும். மாமா வீட்டு முகவரியைக் கொடுத்தால் மாமாவின் பெட்டியிலும் ஒட்ட வேண்டும்.

காப்புறுதி: 33 யூரோவும் 145 யூரோவும்

விசாவுக்காக யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே இணையத்தில் ஒரு தனியார் காப்புறுதி எடுத்தார், மாதம் 33 யூரோ, ஆறு மாதத்துக்கும். தூதரகம் ஏற்றுக்கொண்டது. அதனால் அலுவல் முடிந்தது என்று நினைத்தார்.

விசாவுக்குக் கேட்கப்படுவது நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து பல்கலைக்கழகப் பதிவு வரைக்குமான பாதுகாப்பு, குறைந்தது 30,000 யூரோவுக்கு. பல்கலைக்கழகப் பதிவுக்கு வேண்டியது வேறு. ஏதாவது ஒரு அரச முறைக் காப்புறுதி நிதியம், அதாவது "கிராங்கன்காஸ", இவர் காப்புறுதி பெற்றவர் அல்லது விலக்குப் பெற்றவர் என்று பல்கலைக்கழகத்துக்கு மின்முறையில் நேரடியாக அறிவிக்க வேண்டும். கையில் எத்தனை பக்கப் பத்திரம் இருந்தாலும் அந்த அறிவிப்பு வராமல் பதிவு இல்லை.

இந்த இடத்தில்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. 30 வயதுக்குக் குறைந்த, பதிவு செய்த மாணவர் அரச முறைக்குள் வருவார். 2025 இல் 23 வயது கடந்த, பிள்ளைகள் இல்லாத மாணவருக்கு மாதம் 145 யூரோ அளவில். விலக்குக் கேட்டுத் தனியாரிலேயே இருக்கலாம், மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் விலக்கு வாங்கினால் அந்தப் படிப்புக் காலம் முழுதும் திரும்ப முடியாது. ஆறு மாதத்தில் மிச்சம் 672 யூரோ. மாமாவுக்குத் தர வேண்டிய கடன் ஆயிரம். ஒக்ரோபர் முதல் வாரத்தில் ஒரு பிள்ளை எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே. பதிவு அலுவலகத்தில் இருந்த ஒருவர் ஆஸ்துமா பற்றிக் கேட்டதால் நிவேதா விலக்குப் படிவத்தில் ஒப்பமிடவில்லை.

எங்கள் கருத்து இதில் நேரானது: நாட்பட்ட நோய் உள்ளவர் மலிவான வருகையாளர் காப்புறுதியில் இருப்பது சூதாட்டம். அப்படியான ஒப்பந்தங்கள் பயணத்துக்கு முன்பே இருந்த நோயைப் பெரும்பாலும் விலக்கி வைக்கும். நோய் இல்லாதவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தனியாரில் மருத்துவரின் பட்டியலை முதலில் நீங்களே கட்டி, பிறகு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். அரச முறையில் அட்டையைக் காட்டினால் போதும். கையில் காசு இல்லாத ஆறு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் இந்த வித்தியாசம் பெரிது.

நவம்பரில் குளிர் இறங்கியதும் மூச்சுத் திணறல் வந்தது. அவசர இலக்கம் 112, ஒரு இரவு வைத்தியசாலையில். அரச முறையில் வைத்தியசாலைக்கு நாளுக்கு 10 யூரோதான் நோயாளியின் பங்கு, வருடத்தில் 28 நாள் வரை. மருந்துச்சீட்டில் எழுதிய மருந்துக்கு விலையின் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது 5, கூடினது 10 யூரோ. பிறகு உயிர் போகிற அவசரம் இல்லாத இரவுகளுக்கு 116117 என்ற இலக்கம் இருப்பதையும் அவர் தெரிந்துகொண்டார்.

செப்டெம்பர் 15 முதல் 30 வரை உள்ள இடைவெளியை மறக்கக்கூடாது. மாணவர் காப்புறுதி பருவம் தொடங்கும் நாளில்தான் தொடங்கும், பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவத்துக்கு அது ஒக்ரோபர் 1. முன்னதாக வந்து மொழி வகுப்பில் இருப்பவரை அது காப்பாற்றாது. ஆகவே 33 யூரோ ஒப்பந்தம் வேண்டியதே, ஆனால் ஒரு மாதத்துக்கு, பதிவு பிந்தினால் நீட்டக்கூடியதாக. ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டியதுதான் வீண்.

சந்தாவை ஒரு மாதம் தள்ளிப்போடலாம் என்ற நினைப்பும் ஆபத்து. நிலுவை இருந்தால் நிதியம் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கும், அடுத்த பருவப் பதிவு நிற்கும்.

ஊரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். யாழ் போதனா வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியிலிருந்து நோய், மருந்தின் மூலப்பெயர், அளவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி வைத்தியரின் ஒப்பத்தோடு எடுங்கள். சொந்தப் பாவனைக்கு மூன்று மாதத்துக்கான மருந்தைக் கொண்டுபோகலாம். பல்லில் ஏதும் இருந்தால் இங்கேயே முடித்துவிடுங்கள், கண்ணாடியும் இங்கேயே.

மாமாவின் கடை

"நீ வா பிள்ளை, வெள்ளி சனி கடையில நிண்டா காணும். காசு கையில தாறன், கடனும் கழிஞ்சிடும்." மாமா கெட்ட நோக்கத்தோடு சொல்லவில்லை. சொந்தத்துக்குள் இதை வேலை என்றே பலர் கருதுவதில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் கூட்டத்துக்கு நின்று கை கொடுப்பதும், ஒவ்வொரு வெள்ளியும் சனியும் ஐந்து மணி நேரம் நின்று காசு வாங்குவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. முன்னதை உறவினர் உதவி என்று விளக்கலாம். பின்னது பதிவில்லாத வேலை. கறுப்பு வேலையைப் பிடிப்பது அங்கே சுங்கத் திணைக்களத்தின் ஒரு பிரிவு, அவர்கள் அதிகம் நுழையும் இடங்களில் ஒன்று உணவகம். அங்கே வேலை செய்பவர் அடையாள ஆவணத்தைக் கையில் வைத்திருக்கவும் வேண்டும். மாட்டினால் மாமாவுக்குத் தண்டம், மருமகளின் வதிவிட அனுமதிக்கு ஆபத்து.

வேடிக்கை என்னவென்றால் அதே வேலையை அதே மணி நேரத்துக்குச் சட்டப்படி செய்திருக்கலாம். மாணவருக்கு வருடத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி, 2024 மார்ச் முதல் இந்த அளவு. நாலு மணி நேரம் வரை அரை நாள், நாலேகால் ஆனால் முழு நாள். வேறு விதமாகவும் எண்ணலாம்: வகுப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணிக்குள் வேலை செய்தால் அந்தக் கிழமைக்கு இரண்டரை நாள். நிவேதாவின் வெள்ளி, சனி கிழமைக்கு இரண்டு முழு நாள், பருவம் முழுதும் ஏறத்தாழ ஐம்பதுதான். ஒரு பருவ மாணவருக்கு 140 என்ற எல்லை பெரும்பாலும் பிரச்சினையே அல்ல.

மாமா செய்ய வேண்டியிருந்தது "மினிஜொப்", அதாவது சம்பள எல்லை உள்ள சிறு வேலை, என்ற பதிவு. 2025 இல் மாதம் 556 யூரோ வரை, 2026 ஜனவரி முதல் 603. ஆகக் குறைந்த மணிக்கூலி 12.82, ஜனவரி முதல் 13.90. இரண்டு வருடத்துக்கும் வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு 43 மணி நேரம்தான் வருகிறது. கிழமைக்குப் பத்து மணி என்பது அதற்குள் அடங்கும், ஐந்து வெள்ளி அல்லது ஐந்து சனி வரும் மாதத்தில் ஒரு நாளையும், இரண்டுமே ஐந்து வரும் மாதத்தில் இரண்டு நாளையும் குறைக்க வேண்டும். பணியாளர் ஓய்வூதியத்துக்கு 3.6 சதவீதம் கழியும். ஆறு மாதத்தில் ஊர் திரும்புபவர் அதிலிருந்து விலக எழுத்தில் கேட்கலாம், கேட்பதே நல்லது. முதலாளிக்குச் சம்பளத்துக்கு மேல் ஏறத்தாழ 30 சதவீதம் செலவு. மாமா தயங்கியது இந்த முப்பதுக்குத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். அதைச் சொல்லாமல் "சொந்தத்துக்குள்ள என்ன பதிவு?" என்பது எளிது.

ஆனால் பதிவு செய்த வேலையும் அந்த ஆறு வாரத்தைக் காப்பாற்றியிராது. ஒக்ரோபர் நடுவில் தொடங்கினால் முதல் சம்பளம் நவம்பரில். "போய் வேலை செய்து சமாளிக்கலாம்" என்ற கணக்கு ஒரு பருவப் பயணத்தில் ஒருபோதும் சரிவராது.

நிவேதாவின் நண்பர்கள் இருவர் கொழும்பு மென்பொருள் நிறுவனங்களுக்கு அறையில் இருந்தபடியே வேலை செய்தார்கள். காசு இலங்கைக் கணக்கில் விழுவதால் அது ஜேர்மன் வேலை இல்லை என்ற எண்ணம். உடல் எங்கே இருந்து உழைக்கிறதோ அங்கேதான் வேலை. துண்டுத் துண்டாகப் பட்டியல் போட்டுச் செய்யும் சுயதொழிலுக்குத் தனி அனுமதியும் வேண்டும். மாறாக, பல்கலைக்கழகத்தின் மாணவ உதவியாளர் வேலை அந்த 140 நாளில் எண்ணப்படுவதில்லை, ஆய்வுகூட அறிவித்தல் பலகையை முதலில் பார்ப்பது புத்தி.

கோப்பைத் திருப்பி எழுதினால்

பூட்டிய தொகைக்கு வெளியே 1,800 யூரோ, அதாவது 6 லட்சத்து 30 ஆயிரம் ரூபா, முதல் நாளே செலவழிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். பூட்டிய கணக்கில் மேலதிகமாகப் போட்டுவைத்தால் முதல் கொடுப்பனவோடு சேர்ந்து வரும், ஆனால் அதுவும் அதே ஒக்ரோபர் கடைசியில்தான். கொஞ்சம் ரொக்கம், மீதி வெளிநாட்டில் வேலை செய்யும் அட்டையில். அட்டையைக் கொழும்பு விமானநிலையத்தில் அல்ல, யாழ்ப்பாணத்திலேயே வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து, நாளாந்த எல்லையையும் கேட்டு வைக்க வேண்டும். அந்தத் தொகையை மாமாவிடம் கடனாக வாங்குவதென்றால் போக முன்பே பேசி, திருப்பும் திகதியையும் சொல்லி வாங்குங்கள். டிசெம்பர் முதல் மாதம் 200 வீதம் என்றால் மாமாவுக்கும் கணக்குப் புரியும், கடை பற்றிய பேச்சும் தனியாக நிற்கும்.

திரும்பி வரும்போது

வகுப்பும் பரீட்சையும் பெப்ரவரியில் முடிந்தன. விடுதி ஒப்பந்தம் மார்ச் 31 வரை. முன்னதாக வந்தாலும் வாடகை ஓடும், இதை ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் நாளே பார்த்திருக்கலாம். அறையைக் கொடுக்கும்போது சுவர், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் பொறுப்பாளரோடு சேர்ந்து பார்த்து எழுதிய அறிக்கையில் இருவரும் ஒப்பமிட வேண்டும்.

வதிவிடப் பதிவை நீக்குவதற்குப் புறப்பட ஒரு கிழமை முன்பிருந்து போய் இரண்டு கிழமை வரை அவகாசம். அந்த நீக்கச் சான்று கையில் இருந்தால் ஒலிபரப்புக் கட்டணம், தொலைபேசி ஒப்பந்தம் இரண்டையும் நிறுத்தலாம். காப்புறுதி நிதியத்துக்குப் பல்கலைக்கழக நீக்கத்தை எழுத்தில் அறிவிக்காவிட்டால் சந்தாக் கடிதம் டோர்ட்முண்ட் முகவரிக்குத் தொடர்ந்து வரும், பிறகு நிலுவைக் கடிதம்.

நிவேதா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, புறப்படும் நாளில் வங்கிக் கணக்கையும் மூடிவிட்டார். முற்பணம் 400 யூரோ விடுதியால் மே மாதம் அந்தக் கணக்குக்கே அனுப்பப்பட்டு, திரும்பிப் போனது. இப்போது கோண்டாவிலில் இருந்து மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறார். கணக்கை முற்பணம் வரும் வரை திறந்து வைத்திருக்கலாம், அல்லது ஒப்பமிட்ட கடிதத்தில் மாமாவின் கணக்கிலக்கத்தைக் கொடுத்திருக்கலாம். இரண்டாவதே இலகு. மாமாவுக்குக் கொடுக்க இன்னும் 350 யூரோ இருந்ததால், அது அவருக்கும் வசதியாக இருந்திருக்கும்.